அளவு மீறிய டப்பா

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் உடம்பு மேல் எல்லோருக்கும் திடீரென்று அக்கறை பிறந்தது. பிறந்ததும் முதல் வேலையாக மைதானத்தைப் பூட்டினார்கள்.

பூட்டியது விளையாட்டு வாத்தியார். சாவி அவர் கையில் இருந்தது, விசில் அவர் கழுத்தில் தொங்கியது. ஆகவே உடம்பு சம்பந்தப்பட்ட எந்தக் காரியமும் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விழும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க எங்க மேடம் விளையாடுறது?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

"புல் வளரணும் சார். பரிசுக் குழு வந்து பார்க்கும்போது மைதானம் பச்சைப்பசேல்னு இருக்க வேணாமா? இவங்க ஓடினா புல் நிக்குமா?"

"நிக்காதுதான்."

"விளையாட்டு எவ்வளவு முக்கியம்னு இப்பதான் நமக்கே புரிஞ்சிருக்கு. புரிஞ்ச பிறகும் முன்ன மாதிரி கண்டபடி விளையாட விட முடியுமா?"

வாத்தியார் இந்தப் பேச்சை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எங்கேயோ இடறியது. எங்கே என்று பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார். அவர் அங்கே தற்காலிகம். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம். தலையில் நரை விழுந்தும் தற்காலிகம். சிறந்த நல்வாழ்வுப் பள்ளிக்குத் தலைமை அலுவலகம் தரும் தங்கத் தட்டு இந்த வருஷம் இந்தப் பள்ளிக்குக் கிடைத்தால், விளையாட்டு ஆசிரியர் வேலை நிரந்தரமாகும் என்று மேடம் சொல்லியிருந்தார். தட்டு என்றால் நிஜமாகவே தட்டுதான். சாப்பிடுவதற்கு இல்லை, சுவரில் மாட்டுவதற்கு.

இதற்கான நல்வாழ்வுத் திட்டத்தை நடத்திக் கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நல்வாழ்வு அலுவலர் வந்து சேர்ந்தார். முதல் மாடியில் இருந்த கூட்ட அறைக்கு ஏறி வந்தவர், நாற்காலியில் விழுந்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை எல்லோரையும் கைகாட்டி உட்கார வைத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"பசிங்கறது வெறும் உணர்ச்சி. ஊட்டச்சத்துங்கறது விஞ்ஞானம். உணர்ச்சிக்கு இடம் கொடுத்துக் கொடுத்துத்தான் ஒரு தலைமுறையே கெட்டுப்போச்சு. இனிமே ஒரு குழந்தை இந்தப் பள்ளிக்கூடத்துல பசிக்குதுன்னு சாப்பிடக்கூடாது. தேவைன்னு சாப்பிடணும்."

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். கூட்டம் சாப்பாட்டு வேளையையும் தாண்டி நீண்டது. நடுவில் எல்லோருக்கும் கேக்கும் பொரித்த பலகாரமும் வந்தன. அவற்றைத் தேவை என்று சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியம் அதிவேகமாகப் பரவியது.

முதலில் தண்ணீர் மணி. பிள்ளைகள் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை என்று மணியடித்துக் குடிக்க வைத்தார்கள். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? பிள்ளைகள் வரிசையாகக் கழிப்பறைக்குப் போனார்கள். கழிப்பறையைக் குழுவுக்காகக் கழுவி, வாசனை மருந்து தெளித்து, பூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே ஒரு திருத்தம் வந்தது. மணி அடித்ததும் பாட்டிலைத் தூக்கு, வாயில் வை, சாய், இறக்கு. குடிக்க வேண்டாம். இதை எப்படிச் செய்வது என்று விசில் ஊதிச் சொல்லிக் கொடுத்தவர் நம் வாத்தியார். பிள்ளைகள் ஒருநாளில் கற்றுக்கொண்டார்கள். சில வாண்டுகள் தொண்டையைக்கூட அசைத்துக் காட்டினார்கள்.

அடுத்து உடற்பயிற்சி. மைதானம் பூட்டிக் கிடந்ததால் விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே திரை போட்டு, எங்கேயோ சில பிள்ளைகள் ஓடுவதைக் காட்டினார்கள். "பார்க்கும்போது மனசு ஓடுதில்ல? அது போதும். உடம்பு பின்னாலேயே வந்துரும்," என்றார் அலுவலர். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அசைந்தவர்களை ஆசிரியை அதட்டினாள்.

அப்புறம் வண்ணத் தட்டு. மதியச் சாப்பாட்டில் பல நிறங்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் தட்டையும் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வீட்டில் தினமும் அத்தனை நிறத்தில் காய் வாங்குகிறார்கள்? ஐந்தாம் வகுப்பில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் கொண்டுவரும் தட்டில் கேரட்டும் பீட்ரூட்டும் கீரையும் இருக்கும். அந்த ஒரு தட்டை ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டே போனார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பையன் பாவம், தன் கேரட்டை ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பீட்ரூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதுவரைக்கும் வாத்தியாருக்குப் பெரிய உறுத்தல் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். உறுத்தல் ஆரம்பித்தது அளவுக் கட்டம் வந்த பிறகுதான்.

அது ஒரு மரக் கட்டம். தச்சனிடம் சொல்லி, ஒரு சின்ன ஜன்னல் மாதிரி செய்து, பச்சைச் சாயம் அடித்து, பள்ளி வாசலில் ஒரு மேஜைமேல் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அதன் வழியாகப் போனால் அளவான சாப்பாடு. போகாவிட்டால் அளவு மீறியது. மீறிய டப்பா வாசலிலேயே நிற்கும், பிள்ளை மட்டும் உள்ளே போகும். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. "திறந்து பார்த்தா அது சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்," என்று அலுவலர் நாகரிகமாகச் சொல்லியிருந்தார்.

கட்டத்துக்குப் பின்னால் நிற்பது யார்? வேறு யார் நிற்பார்கள்?

வாத்தியாரின் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே பூசினாற்போன்ற உடம்பு. ஆனால் காலில் சக்கரம். மைதானம் திறந்திருந்த காலத்தில் அவள் கோல் காத்தால் பந்து உள்ளே போகாது. அதனால் பிள்ளைகள் அவளுக்குக் கோட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் கோட்டை விழலைப்பா," என்று முழங்கால் மண்ணோடு நிற்பாள். பள்ளிக்குள் அப்பாவை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மேடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் கேட்டதே இல்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "அப்பா" என்று அவள் கத்துவது அலுவலக அறை வரைக்கும் கேட்கும். வாத்தியார் வெளியே கண்டிப்பார், உள்ளுக்குள் பூரித்துப் போவார்.

அவளுடைய கூட்டாளி ஒருத்தி இருந்தாள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. எல்லோரும் அவளை ஊசி என்பார்கள். எந்நேரமும் கோட்டையும் ஊசியும் ஒட்டிக்கொண்டுதான் திரிவார்கள்.

கட்டம் வைத்த முதல் நாள் ஊசியின் டப்பா வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. வாத்தியார் அதைத் தூக்கி மற்ற பிள்ளைகளுக்குக் காட்டினார். "பாருங்க, இதுதான் அளவு. வீட்டுல சொல்லுங்க." ஊசி தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை வாங்கிப் பையில் போட்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதுதான் மாதிரி டப்பா.

அடுத்தது அவருடைய மகள். டப்பா பெரியது. அவள் அம்மா ஒரு வருஷத்துக்கு முன்னால் மகள் கேட்டாளே என்று வாங்கிக் கொடுத்தது. பாதிகூட நுழையவில்லை. திருப்பினாள், சாய்த்தாள், குத்தினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அளவு மீறுதும்மா," என்றார் வாத்தியார், எல்லோருக்கும் கேட்கும்படி. தன் மகள் என்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? அலுவலர் வேறு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது வேணும்பா."

"எதுக்கு இவ்வளவு?"

அவள் ஊசியைப் பார்த்தாள். சொல்லாதே என்பதுபோல ஊசி மெல்லத் தலையை ஆட்டினாள். "பசிக்கும்பா," என்றாள் மகள்.

"பசிங்கறது வெறும் உணர்ச்சி," என்றார் வாத்தியார். சொன்ன பிறகு அது தன் குரல்தானா என்று அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. தூணோரத்தில் அலுவலர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். டப்பா மேஜையில் நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை சோத்தைப் பிடுங்கி வைக்கச் சொல்லி எந்த ஊர்ல சட்டம் போட்டிருக்கான்?"

"பிடுங்கலைடி. அளவு. அவளுக்கும் நல்லதுதானே. கொஞ்சம் குறைஞ்சா..."

"கொஞ்சம் குறைஞ்சா? உங்க தொப்பையை அந்த ஜன்னல்ல நுழைச்சுப் பார்த்தாங்களா?"

வாத்தியார் தொப்பையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். "எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம். நானே என் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தா நாலு பேர் என்ன சொல்வாங்க? சின்ன டப்பாவுல கட்டிக் கொடு. கொஞ்ச நாள்தான்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரிய டப்பாவைக் கழுவி அலமாரிக்கு மேலே வைத்தாள். மகள் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழு வருகிற நாள் நெருங்கியது. அப்போதுதான் அலுவலருக்கு ஒரு விஷயம் உறைத்தது. விதிமுறையில் முன்னேற்றத்துக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். திட்டத்தால் முன்னேறிய ஒரு குழந்தையையாவது காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினார்கள். முன்னேறிய குழந்தை ஒன்றுகூட அகப்படவில்லை. கொஞ்சம் சோர்ந்து போன குழந்தைகள் நிறைய இருந்தன, ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

"ரெண்டு பேரை நிறுத்துவோம்," என்றார் மேடம். "திட்டத்துக்கு முன்னாடி, திட்டத்துக்குப் பின்னாடி. முன்னாடிக்கு ஒருத்தி, பின்னாடிக்கு ஒருத்தி. ஒரே மாதிரி ரிப்பன் கட்டிட்டா ஒரே பிள்ளைதான்."

"முகம் வேறயா இருக்குமே மேடம்," என்றார் வாத்தியார்.

"உடம்பு இளைச்சா முகம் மாறாதா சார்?"

அலுவலர் சிரிக்கவில்லை. ஆழ்ந்து யோசித்தார். "பின்னாடிக்கு அந்த ஒல்லிப் பொண்ணு இருக்கே, அது அருமையா இருக்கும். முன்னாடிக்கு..." என்று இழுத்தார்.

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். மேஜையைப் பார்க்காதவர் மேடம் மட்டும்தான். அவர் வாத்தியாரைப் பார்த்தார்.

"உங்க பொண்ணுதான் சார். நல்ல குரல் வேற. நாடகம் மாதிரிதானே? நம்ம வீட்டுப் பிள்ளைன்னா பெற்றோர் சண்டைக்கு வரமாட்டாங்க பாருங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேலை உத்தரவு டைப் ஆகிட்டிருக்கு," என்றார்.

அந்த இடத்திலேயே 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னது, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்." வீட்டில் கேட்கவும் இல்லை. மகளிடம் மட்டும், "உன் குரலுக்காக எடுத்திருக்காங்க பாப்பா," என்றார்.

அவள் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டாள். வசனத்தைக் கையில் வாங்கிப் படித்த பிறகு முகம் மாறியது.

"'நான் சோம்பேறியாக இருந்தேன். நிறையச் சாப்பிட்டேன். மைதானத்தின் பக்கமே போக மாட்டேன்.' அப்பா, இது பொய்."

"நாடகம்மா."

"நான் மைதானத்துக்குப் போவேனே. நீதானே பூட்டி வச்சிருக்க?"

வாத்தியார் விசிலைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஒத்திகையில் இன்னொரு சிக்கல் வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த அலுவலருக்கு வித்தியாசம் போதவில்லை. சின்ன டப்பாவில் சாப்பிட்டுச் சாப்பிட்டு மகள் கொஞ்சம் வாடியிருந்தாள். "முன்னாடி இன்னும் முன்னாடியா தெரியணும்," என்றார் அவர். ஓய்வறையிலிருந்து ஒரு தலையணை வந்தது. அதை வயிற்றில் வைத்துக் கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டது யார் என்று கேட்காதீர்கள். முடிச்சு நழுவிவிடக்கூடாது என்று இறுக்கித்தான் போட்டார். மகள் கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவள் வயிறு தலையணைக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது அவர் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும், "மூச்சு முட்டுதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை," என்றாள் அவள்.

விழா நாள் வந்தது. பிள்ளைகளைக் காலையிலேயே வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். வெயிலும் ஒரு சத்துதான் என்று அலுவலர் சொல்லியிருந்தார். அந்தச் சத்து அன்று தாராளமாகவே கிடைத்தது, ஏனென்றால் குழுவுக்கு மேடத்தின் அறையில் நடந்த காலை விருந்து முடிய வெகு நேரமானது. நடுவில் தண்ணீர் மணி அடித்தது. பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கினார்கள், சாய்த்தார்கள், இறக்கினார்கள்.

விருந்து முடிந்ததும் எல்லோரையும் அரங்கத்துக்குள் உட்கார வைத்தார்கள். குழுத் தலைவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு மேடையேறினார்.

"எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். போனாலே பிள்ளைங்க கூச்சல், ஓட்டம், புழுதி. இங்க நான் வந்ததுலேருந்து ஒரு குழந்தைகூட ஓடிப் பார்க்கலை. ஒரு குழந்தைகூட வாயில எதையும் போட்டு மெல்லலை. மைதானத்துல ஒரு காலடித் தடம் இல்லை. உடல்நலத்துல இவ்வளவு ஒழுக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

திரை விலகியது. தலையணை வயிற்றோடு மகள் நடுமேடைக்கு வந்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. பிறகு எல்லா வரிசையும் சிரித்தது. குழுவும் சிரித்தது. திரையோரம் நின்ற வாத்தியாருக்குக் காது சூடேறியது. அவள் நேராகப் பார்த்துக்கொண்டு, நல்ல குரலில், ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னாள். சோம்பேறியாக இருந்தேன். நிறையச் சாப்பிட்டேன். மைதானத்தின் பக்கமே போக மாட்டேன். சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

ஊசி வந்தாள். அதே ரிப்பன். கை தட்டினார்கள்.

"பள்ளியின் நல்வாழ்வுத் திட்டத்தால் நான் இப்படி மாறினேன்," என்று ஆரம்பித்தாள். குரல் எடுக்கவில்லை. "இப்போது அளவாகச் சாப்பிடுகிறேன். பசி என்னை..."

அவ்வளவுதான். முழங்கால் மடிந்து, மைக்கையும் இழுத்துக்கொண்டு, துணி மாதிரி சரிந்தாள்.

மேடையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடியது ஒரே ஒருத்திதான். முடிச்சு அவிழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடுங்கி, கூட்டாளியின் தலைக்கு அடியில் வைத்தாள் மகள்.

"இவ நேத்தும் சாப்பிடலை," என்றாள். விழுந்து கிடந்த மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. "காலையில அவங்க அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. வீட்டுல ஒண்ணும் இருக்காது. என் டப்பாவுலதான் ரெண்டு பேரும் சாப்பிடுவோம். இப்ப டப்பா சின்னது. பத்தலை."

குழுத் தலைவர் குனிந்து, "டப்பாவை யாரும்மா சின்னதாக்கினது?" என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்து திரையோரத்தைப் பார்த்தாள். வாத்தியார் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியாது சார்," என்றாள்.

துப்புரவு வேலை பார்க்கும் அம்மா யாரையும் கேட்காமல் மேடையேறி, தனக்கு வைத்திருந்த சர்க்கரைத் தேநீரை ஊசிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தலைவர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். "இது... இதுல இருக்கா?" என்றார்.

மேடத்துக்கு மூளை வேகமாக வேலை செய்யும். கீழே கிடந்த மைக்கை எடுத்தார். "இருக்குங்க சார். இது முதலுதவிச் செயல்விளக்கம். மயக்கம் வந்தா சக மாணவி எப்படி உதவணும், உணவை எப்படிப் பகிர்ந்துக்கணும்னு பிள்ளைங்களே நடிச்சுக் காட்டுறாங்க. பயிற்சி கொடுத்தது எங்க விளையாட்டு ஆசிரியர். என்ன சார், சரிதானே?"

மைக் அவர் வாய்க்கு நேரே வந்தது.

மகள் தரையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று நம்புகிற முகம் அது. கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று பந்து வருவதைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"ஆமாங்க சார்," என்றார் வாத்தியார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. குழு எழுந்து நின்று தட்டியது. இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தை இதுவரை பார்த்ததில்லை என்றார் தலைவர். பகிர்ந்துண்ணலுக்குத் தனி மதிப்பெண் இருந்ததாம், வேறு எந்தப் பள்ளியும் அதை வாங்கவில்லையாம். தங்கத் தட்டு அங்கேயே, அப்போதே கைமாறியது. மேடம் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். வெறும் தட்டு பளபளவென்று மின்னியது.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வாத்தியார் ஐந்தாம் வகுப்புக்குள் போனார். ஊசியின் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு கரண்டி மட்டும் கிடந்தது. டப்பா உலர்ந்து சுத்தமாக இருந்தது. தினமும் வாசலில் இதைத்தானே தூக்கிக் காட்டி, இதுதான் அளவு என்று ஊரைக் கூட்டிச் சொன்னோம் என்று நினைத்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. கையில் எடுத்தபோது ஒருநாளாவது கனம் தெரிந்திருக்க வேண்டாமா? டப்பாவை மூடி, பைக்குள் வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலமே உத்தரவு கைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அதைப் படித்துப் பார்க்கவில்லை. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நிரந்தரமா?" என்று கேட்டாள் மனைவி.

"நிரந்தரம்."

"நல்லது," என்றாள். நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே இருந்த பெரிய டப்பாவை இறக்கினாள்.

மகளுக்கு வயிற்றைச் சுற்றி முடிச்சுக் கயிறு அழுத்திய தடம் சிவந்திருந்தது. எண்ணெய் தடவிவிடலாம் என்று வாத்தியார் கிண்ணத்தோடு போனார். அவள் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "நானே தடவிக்கிறேன்," என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலையில் மனைவி பெரிய டப்பா நிறையச் சாப்பாடு கட்டினாள். மகள் அதைத் தொடவில்லை. "வாசல்ல பிடிப்பாங்கம்மா," என்று சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு, ஊசியைக் கூட்டிக்கொண்டு வர முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பெரிய டப்பாவை வாத்தியார் தன் பைக்குள், உத்தரவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரே முடிவுதான். இன்றைக்கு அந்தக் கட்டத்தை எடுத்துக் கடாசிவிட வேண்டும். நிரந்தரமானவனை யார் என்ன செய்ய முடியும்?

வாசலில் கட்டத்துக்குப் புதிதாகச் சாயம் அடித்து, மாலை போட்டிருந்தார்கள். மேலே தங்கத் தட்டின் பெரிய படம். பக்கத்தில் 'முன்னாடி', 'பின்னாடி' என்று இரண்டு படங்கள். மகளுடைய படம் தலையணையோடு, ஆள் உயரத்துக்கு. அலுவலக ஜன்னலில் மேடம் நின்று கையசைத்தார். வாத்தியாரும் கையசைத்தார். கையசைத்துவிட்டுக் கட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். அந்த இடத்துக்குக் கால் பழகிப் போயிருந்தது.

மகளும் ஊசியும் வரிசையில் வந்தார்கள். அந்தப் படத்தைத் தாண்டும்போது மகள் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முறை வந்ததும் சின்ன டப்பாவைக் கட்டத்தில் வைத்துத் தள்ளினாள்.

"போகுது சார்," என்றாள்.

வாத்தியாருக்குச் சட்டென்று புரியவில்லை. பின்னால் யாராவது ஆசிரியர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"பாப்பா," என்று குனிந்து, பையிலிருந்து பெரிய டப்பாவை எடுத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நீட்டினார். "ரெண்டு பேருக்கும் இருக்கு. அம்மா கட்டினது. எடுத்துக்கிட்டுப் போ."

"அளவு மீறும் சார்."

"இன்னைக்குப் பரவாயில்லைம்மா."

அவள் வாங்க மாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். வாங்காமல் இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் ஊசியைத் திரும்பிப் பார்த்தாள். ஊசியின் கண் டப்பாவின்மேல் இருந்தது. மகள் இரண்டு கையாலும் டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் சார்," என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள். அடுத்து நின்ற பொடியன் தன் டப்பாவைக் கட்டத்தில் வைத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. அமுக்கிப் பார்த்தான், நுழையவில்லை. அவன் நிமிர்ந்து, கையை நீட்டிக் காட்டி, "அந்த அக்காவுக்குப் பெரிய டப்பாவை விட்டீங்களே சார்?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை, குரல் கணீரென்று இருந்தது. வரிசை முழுக்கத் தலையை எக்கிப் பார்த்தது. ஜன்னலில் மேடமும் எட்டிப் பார்த்தார்.

இப்போதாவது கட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அப்படியொன்றும் கனமும் இல்லை.

"அது அளவாத்தான் இருந்துச்சுடா," என்றார் வாத்தியார். "நீ டப்பாவை இங்க வச்சுட்டுப் போ."

கொஞ்ச தூரத்தில் போய்க்கொண்டிருந்த மகளின் கால்கள் நின்றன. அவள் காதில் விழுந்துவிட்டது. பிறகு டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.